பானட்டில் வெள்ளை பூத்துவிட்டது: முழுசாகச் சுரண்டணுமா?

நாகலூர் ஜீப்:
வணக்கம். அப்பா காலத்து மஹிந்திரா எம்எம் 540. ஏற்காட்டில் தோட்ட வேலைக்கு ஓடுகிறது. கால் வைக்கும் இடத்தில் துருப்பிடித்த தகட்டை வெட்டி, ஒட்டுப் போட்டு வெல்டிங் முடித்தாகிவிட்டது. பெயிண்ட்டை நானே அடிக்கிறேன். என்.சி. பெயிண்ட் (தின்னர் ஆவியாகிச் சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்), ஆலிவ் கிரீன். சாயங்காலம் கொட்டகையில் பானட்டும் இடது மட்கார்டும் அடித்தேன். அடித்த கையோடு பளபளவென்றுதான் இருந்தது. காய்ந்ததும் பானட் முழுக்கப் பால் படிந்த மாதிரி வெளிறிவிட்டது. மட்கார்டில் வேறு தொல்லை: ஹெட்லைட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் சுருங்கி எழும்பி நிற்கிறது. போலிச் சரக்கா?

அடிவாரம் டிங்கர்:
சரக்கைக் குறை சொல்லாதீங்க தம்பி. எந்தத் தின்னர்? மேகம் இறங்கியிருந்ததா?

நாகலூர் ஜீப்:
சாதா என்.சி. தின்னர்தான் அண்ணா. மழை இல்லை, ஆனால் மேகம் கொட்டகைக்குள்ளேயே புகுந்து போனது.

அடிவாரம் டிங்கர்:
அப்போ அதுதான். தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். தகடு குளிர்ந்ததும் காற்றிலிருக்கும் ஈரம் பெயிண்ட் மேலேயே படிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். வெள்ளை பூப்பது அதனால்தான். சேலத்தில் சித்திரை வெயிலில் இதே பெயிண்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. சுரண்ட வேண்டியதில்லை. நல்ல வெயில் அடிக்கும் மதியம், தின்னரில் கொஞ்சம் ரிட்டார்டர் (காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலந்து மேலே லேசாகத் தூவி விடுங்க. மேல் படலம் இளகி, ஈரம் வெளியேறி, நிறம் திரும்பிவிடும். ரிட்டார்டரை அதிகம் ஊற்றினால் காயாமல் பிசுபிசுக்கும்.

மட்கார்டு கதை வேறு. அடியில் பழைய எனாமல் இருக்கும். என்.சி. தின்னர் பட்டால் எனாமல் சுருங்கும். பழைய பெயிண்ட் இருக்கும் ஒரு மூலையில் தின்னர் நனைத்த துணியை வைத்துப் பாருங்க. சுருங்கினால் எனாமல், நிறம் துணியில் ஏறினால் என்.சி., ஒன்றுமே ஆகாவிட்டால் பெரும்பாலும் 2கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட்.

மலைப்பாதை:
எதற்கு இந்த வம்பு, 2கே அடித்துவிடுங்க.

அடிவாரம் டிங்கர்:
2கே ஹார்டனருக்கும் ஈரம் ஆகாது. அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டையும் தூசி மாஸ்க்கும் அதற்குப் பத்தாது. மூடின கொட்டகையில் சொந்தமாக அடிப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

சேலம் சுரேஷ்:
எல்லாரும் வெள்ளையையே பார்க்கிறீங்க. ஆலிவ் கிரீனா அடித்தீங்க? 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஐப் பாருங்க. ராணுவ வண்டி தவிர வேறு எதற்கும் அந்த நிறம் கூடாது. வேறு நிறம் அடித்தாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

நாகலூர் ஜீப்:
ஐயோ, கடைக்காரர் வாயே திறக்கவில்லையே! ஆர்.சி.யில் வெள்ளைதான் இருக்கு. அப்போ வெள்ளையே அடித்துவிடுகிறேன். ஆர்.டி.ஓ. அலைச்சலாவது மிச்சம்.

அடிவாரம் டிங்கர்:
அப்படியானால் ரிட்டார்டர் வேலையே வேண்டாம். மட்கார்டு மாதிரியே பானட்டின் அடியிலும் எனாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்க. இல்லையென்றால் 400 உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு அதன் மேலேயே அடிக்கலாம். மட்கார்டைத் தகடு தெரிய இறக்கி எபாக்ஸி ப்ரைமர் போடுங்க. சாதா ப்ரைமர் போட்டு மலை மேல் விட்டுவைத்தால் ஈரத்தை உறிஞ்சி அடியில் துரு வந்துவிடும். கம்ப்ரெஸர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்க.

நாகலூர் ஜீப்:
வண்டியை அடிவாரத்துக்கே இறக்கிவிடவா அண்ணா?

அடிவாரம் டிங்கர்:
வண்டி எதற்கு? பானட்டும் மட்கார்டும் போல்ட்டில்தானே நிற்கிறது. கழற்றிப் பிக்கப்பில் போட்டு இறக்குங்க, 20 கொண்டை ஊசி வளைவிலும் உரசாமல் நடுவில் பழைய போர்வை வையுங்க. திரும்ப ஏற்றும்போது பெயிண்ட் முழுசாகக் காய்ந்திருக்கணும், தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடாதீங்க.