மறு: ‘கிளாம்ப்’ – பிடிப்பானா, கவ்வியா, கிட்டியா?

> ‘பிடிப்பான்’ என்பதே போதும். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஐயா, வணக்கம். பசை காயும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் ‘கிளாம்ப்’ என்ற கருவிக்குத் தமிழில் ‘கிட்டி’ என்று நான் சொன்னதற்கு நீங்கள் எழுதிய பதிலைப் படித்தேன். ‘பிடிப்பான்’ என்றால் விளக்க வேண்டியதில்லை என்பது சரிதான். ஆனால் கோத்தகிரியில் என் பட்டறையில் ஒரு வாரம் அந்தச் சொல்லையே புழங்கிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. பல்பை மாட்டுகிற ஹோல்டரும் பிடிப்பான்தானே? கிளாம்புக்கு வேலை அதைவிடக் கூடுதல். இரண்டு பலகைகளை நெருக்க வேண்டும், அழுத்த வேண்டும், நாம் கையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அந்த அழுத்தத்தை விடாமல் வைத்திருக்க வேண்டும்.

போன டிசம்பரில் நான்கு சில்வர் ஓக் பலகைகளை ஒட்டி மேசைக்கு மேற்பலகை செய்தேன். இங்கே பனிமூட்டத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று கிளாம்பின் தண்டில் எண்ணெய் தடவி வைத்திருந்தேன். அதுதான் வினையாகிவிட்டது. நீளத் தண்டில் நகரும் கை, திருகை முடுக்கும்போது லேசாகச் சாய்ந்து தண்டைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறது. வழுவழுப்பான தண்டு, மேலே எண்ணெய், ராத்திரியில் நழுவிவிட்டது. காலையில் பார்த்தால் நடு இணைப்பில் விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி. குளிருக்குப் பசையும் சரியாகப் படியாமல் சுண்ணாம்புப் பொடிபோல வெளுத்துக் கிடந்தது. இப்போதெல்லாம் தண்டின் விளிம்பில் வரிவரியாகப் பல் வெட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே வாங்குகிறேன். கடையிலேயே ஒரு கட்டையை வைத்து முடுக்கி, தண்டு வில்போல் வளைகிறதா என்று வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். வளைந்தால் அழுத்தம் ஒரு பக்கமாகப் போய், ஒட்டும் பலகையும் குவிந்துவிடும்.

அதனால்தான் ‘கிட்டி’ என்றேன். ஜனவரி உறைபனியில் பல் கிட்டிக்கொள்கிறது என்கிறோமே, அதே கிட்டுதல்தான். மேலும் கீழும் நெருங்கி, இறுகி, திறக்க முடியாமல் நிற்பது. கிளாம்பின் குணம் முழுக்க அந்த ஒரு வினையில் இருக்கிறது.

> கிட்டி என்பது சித்திரவதைக் கருவியின் பெயர். வேண்டாமே.

இந்த மறுப்பை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையத்தின் 1855ஆம் ஆண்டு அறிக்கையில் கிட்டி வருகிறது. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சிகள், நடுவே மனிதனின் விரல்கள். நிலவரி வாங்கக் குடியானவர்களை அப்படி நசுக்கியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கே கை கூசியது. ஆனாலும் என் பட்டறைக்கு வரும் பையன்களிடம் கிட்டி என்றால் கிட்டிப்புள்தான் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளின் விளையாட்டில் புழங்கும் சொல்லைப் பட்டறைக்குக் கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

‘கவ்வி’ நல்ல சொல். துணி காயப்போடும் கிளிப்புக்கும் ஸ்பிரிங் வைத்த சின்ன கிளாம்புக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். அவை சட்டென்று கவ்வுகின்றன, அவ்வளவுதான். திருகத் திருக அழுத்தம் ஏறுவது அதில் தொனிக்கவில்லை. ‘இறுக்கி’ என்றால் ஸ்பேனரோ என்று கேட்பார்கள்.

கிட்டியை வைத்தால் வகைகளுக்கும் பெயர் தானாக வருகிறது: சி கிளாம்ப் வளைகிட்டி, நீளத் தண்டு உள்ளது தண்டுக்கிட்டி, குழாயில் மாட்டுவது குழாய்க்கிட்டி. நேற்று என்னோடு வேலை செய்யும் ஆசாரி அண்ணனிடம் “அந்தத் தண்டுக்கிட்டியை எடுங்கண்ணே” என்றேன். மறுபேச்சில்லாமல் சரியானதையே எடுத்துக் கொடுத்தார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. திருகின் நுனியில், மரத்தில் தழும்பு விழாமல் இருக்க, சுழன்று சாய்ந்து கொடுக்கும் வட்டத் தட்டு. அதைப் ‘பாதம்’ என்கிறேன். அதைவிடப் பொருத்தமாக உங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஏதும் சொல்கிறார்களா?