கையால் எழுதிய பில்லில் ஜிஎஸ்டி எண் சரியாகத் தெரியவில்லை: எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி:
வணக்கம். மதுரையில் நோட்டுப் புத்தகக் கடை நடத்துகிறேன். பெங்களூரிலிருந்து வந்த சரக்குக்குக் கையால் எழுதிய பில்லில் இருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை இணையதளத்தில் இட்டால், தவறான எண் என்றே வருகிறது. 29 என்று தொடங்கும் அந்த எண்ணில், ஐந்தாம் இடத்தில் இருப்பது பூஜ்ஜியமா 'ஓ'வா என்றும், கடைசிக்கு முந்தையது 2-ஆ 'இசட்'டா என்றும் தெரியவில்லை. விற்றவர் போனை எடுப்பதில்லை. எண்ணைப் பார்த்தே தீர்மானிக்க வழி உண்டா?

பதில்:
உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு. 29 கர்நாடகம், நமக்கு 33. அடுத்த பத்தும் வணிகரின் பான் எண். பானில் ஐந்து எழுத்து, நான்கு எண், மீண்டும் ஓர் எழுத்து என்ற வரிசை மாறாது என்பதால், 3 முதல் 7 வரையிலான இடங்களில் வட்டம் இருந்தால் அது 'ஓ'தான். 8 முதல் 11 வரை என்றால் பூஜ்ஜியம். 13ஆவது, ஒரே பானில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. 14ஆவது வழக்கமாக 'இசட்'. அவசரக் கையெழுத்தில் அது 2 ஆகிவிடும். கடைசிக் குறி முந்தைய 14-ஐயும் வைத்துக் கணக்கிடப்படுவதால், ஒன்று பிசகினாலும் தளம் மறுத்துவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, அப்படியே இட்டதும் விவரம் வந்துவிட்டது. ஆனால் பில்லின் தலைப்பில் 'பிரைவேட் லிமிடெட்' என்றிருக்க, தளத்தில் ஒரு தனிநபர் பெயர் வருகிறது. ஆறாவது எழுத்து 'பி' (P). இந்தப் பில்லுக்கு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, எடுக்கலாமா?

மற்றொருவர் பதில்:
அந்த ஆறாவது எழுத்து, அதாவது பானின் நான்காவது, உரிமையாளர் யார் என்பதைச் சொல்லும்: தனிநபருக்கு 'பி', கம்பெனிக்கு 'சி', பார்ட்னர்ஷிப்புக்கு 'எஃப்'. தனிநபர் தம் கடைக்கு எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளலாம், அதில் குறையில்லை. ஆனால் பிரைவேட் லிமிடெட் என்றால் 'சி' வந்தே ஆக வேண்டும். வேறொருவரின் எண்ணை எழுதியிருக்கவும் கூடும். பதிவு ரத்தாகியிருக்கிறதா என்பதை அதே பக்கத்தில் பாருங்கள். வெளிமாநிலச் சரக்குக்கு ஐஜிஎஸ்டிதான் (மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்கான வரி) போட்டிருக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பதுபோல் சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) என்று பிரித்திருந்தால் பில்லையே மாற்றித் தரச் சொல்லுங்கள். விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்துத் தளம் உங்களுக்குத் தரும் வரவுப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் இந்தப் பில் வரும்வரை வரவு எடுக்க வேண்டாம். பணம் பாக்கி இருந்தால் வரித் தொகையை மட்டுமாவது நிறுத்தி வையுங்கள்.