புதுப்பிப்பு: "அவசரமா இரத்தம் தேவை" மெசேஜுகளுக்குப் பிறகு

திருகோணமலை வட்ஸ்அப் குறூப்புகளில எப்பவோ முடிஞ்சுபோன "அவசரமா ஓ நெகட்டிவ் தேவை" மெசேஜுகள் இன்னும் சுத்துது, என்ன செய்யலாம் எண்டு முந்திக் கேட்டிருந்தன். "திகதி போடுங்க" எண்ட அக்காவுக்கு நன்றி. இப்ப இரத்தம் கேட்டு நாங்கள் போடுற போஸ்டரில திகதிதான் பெரிசா நிக்குது. தேவை முடிஞ்சதும் அதே படத்தில சிவப்பால "கிடைச்சிட்டுது" எண்டு போட்டுத் திரும்ப அனுப்புறம். நோயாளியின்ர படம், பெயர் போடுறதே இல்லை.

ஆனா அவசரத்துக்கு மட்டும் கூப்பிடுறது சரிவராது. குடுத்த இரத்தத்தில இருந்து பிரிக்கிற குருதிச் சிறுதட்டுகளை (பிளேட்லெட், இரத்தம் உறைய உதவுறது) அஞ்சு நாளளவுதான் வைச்சிருக்கலாம். செங்குழியம் (சிவப்பணு) எண்டாலும் ஆறு கிழமையைத் தாண்டாது. ஒரே நாளில கூட்டமா வந்து குடுத்திட்டு, பிறகு மாசக்கணக்கா ஆருமே வராட்டி இரத்த வங்கி என்ன செய்யும்? இலங்கையில 2014இல இருந்து முழுக்க காசில்லாத, சுயவிருப்பக் கொடைதான்.

அதால, ஒருக்கா குடுத்தவைக்கு நாலு மாசம் முடிய ஒரு சின்ன மெசேஜ் போடுறம்: "அண்ணே, தவணை வந்திட்டுது." போஸ்டரை விட இதுக்குத்தான் பதில் வருது. உப்புவெளித் தம்பி ஒருவர் அனுப்பின வொய்ஸ் இன்னும் நல்லா ஓடுது: "ஊசி குத்தேக்க கையப் பாக்காத மச்சான், மேல ஃபேனப் பார். முடிய பிஸ்கட் தருவினம்." (பயப்பிடுற ஆளுக்கு புள்ளிவிபரத்த விட பிஸ்கட் வேலை செய்யும்.)

18 வயது முடிஞ்சு, 50 கிலோவுக்கு மேல இருந்தாப் போதுமா எண்டு கேக்கினம். அது தொடக்கம்தான், ஹீமோகுளோபின், பிரஷர் பாத்திட்டு டொக்டர்தான் முடிவு சொல்லுவார்.

சிங்களத்தில பிழையில்லாம எழுதக்கூடிய ஆள் தேவை. அடுத்த போஸ்டர் ரெண்டு மொழியிலயும் போகவேணும்.