ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களின் அனுபவங்கள்

அம்பத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியை:

திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு, புறநகர் ரயிலும் பேருந்துமாக ஒன்பது ஆண்டுகள் போய்வந்தேன். ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 41 பிள்ளைகள், ஆசிரியர்கள் இருவர். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு என்பதால், தாளில் எங்களுக்குக் குறையே இல்லை. தலைமையாசிரியர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குச் சென்ற நாள்களில்தான் குறை தெரியும். மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தலை விளக்கத் தொடங்குவேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தை பென்சில் முனை உடைந்ததென்று அழும். அதைச் சீவிக் கொடுத்துத் திரும்புவதற்குள், கடன் வாங்கிய பத்து எங்கே போனதென்று பிள்ளைகளுக்கும் மறந்திருக்கும், சில நாள் எனக்கும் மறந்திருக்கும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தமிழக அரசு 2022-இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்தது எங்கள் பள்ளிக்கு உண்மையிலேயே பொருந்தியது. மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்ற, சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்குப் போய் நின்றது தனிக்கதை.

வியாசர்பாடி, மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்:

டீச்சர், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் 2003-இல் எங்கள் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கியது என்று பெருமையாகச் சொல்வோம். அதற்கு முன்மாதிரி, ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றியிருந்த சிற்றூர்களில், பல வகுப்புகள் ஒரே அறையில் படித்த பல்வகுப்புப் பள்ளிகள் என்பதைச் சொல்ல மறந்துவிடுவோம்.

கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, உங்கள் பள்ளியைப் போன்ற ஒன்றிலிருந்து வந்து எங்களிடம் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். தமிழ்ப் பாடத்தைத் தடங்கலின்றி வாசித்தாள். நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, அவள் பக்கத்தைப் புரட்டாமல் அடுத்த பக்கத்தையும் சொல்லிக்கொண்டே போனாள். ஒரே அறையில் மூத்த பிள்ளைகள் படித்ததை இரண்டு ஆண்டுகள் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியவில்லை.

அம்பத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியை:

எங்கள் பள்ளியிலும் அப்படி இருவர் இருந்தார்கள், சார். அதன்பின் பாடநூலை மூடச் சொல்லிவிட்டு, அன்று காலை ஊரில் நடந்ததை நான்கு வரி கரும்பலகையில் எழுதி வாசிக்க வைத்தேன். அவளிடமும் அப்படிச் செய்து பாருங்கள். அவள் பெயர் வரும் வரியை முதலில் எழுதுங்கள்.