ஷெல் பூட்டிய பல்சர் 90-க்கு மேல் ஆடுகிறது, எதைப் பார்க்கலாம்?

கொட்டாஞ்சேனை150

வணக்கம். பழைய பல்சர் 150 ஒன்றை நேர்கோட்டு வேக ஓட்டத்துக்காக மாற்றிக்கொண்டிருக்கிறேன். எஞ்சினைத் தொடவில்லை, வந்தபடியே 14 குதிரைவலுதான். அதே வலுவை வைத்துக்கொண்டு காற்றின் இழுவையை மட்டும் குறைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் எனக்கு ஆசை. பொனவில் உப்புவெளியில் ஓடும் வண்டிகளின் படங்களைப் பார்த்துப் பிடித்த பைத்தியம் இது. இங்கே உப்புவெளி இல்லை. அதனால் கட்டுக்குருந்தை ஓடுபாதையில் பயிற்சி நாட்களில் அனுமதியோடு ஓடுகிறேன்.

முன் சில்லை முழுதாக மூடும் ஒரு ஷெல் செய்தேன். ரெஜிபோமை வெட்டி வடிவம் எடுத்து, மேலே பேக்கிங் டேப் ஒட்டி மெழுகு பூசி, அதன்மேல் ஃபைபர் போட்டேன் (டேப் இல்லாமல் பொலியெஸ்டர் ரெசின் பட்டால் ரெஜிபோம் கரைந்துவிடும், செய்பவர்கள் கவனிக்கவும்). ஷெல் பிரேமில்தான் பூட்டியிருக்கிறது, ஹாண்டிலில் இல்லை. பின்பக்கம் இன்னும் செய்யவில்லை. சீட்டுக்குப் பின்னால் சட்டென்று முடிகிறது.

பிரச்சினை இதுதான். 80 வரை நேராகப் போகிறது. 90 தாண்டியதும் பின்பக்கம் மெதுவாக இடமும் வலமுமாக அசையத் தொடங்குகிறது, ஒரு செக்கனுக்கு இரண்டு மூன்று தரம். ஹாண்டில் உதறுவதில்லை, முழு வண்டியும்தான் ஆடுகிறது. அக்சிலரேட்டரைக் குறைத்தால் 80-க்கு வரும்போது ஆட்டம் நின்றுவிடும். இன்னொன்று, கடல் பக்கத்திலிருந்து காற்று வீசினால் மூக்கு அப்படியே கடலுக்கு எதிர்ப் பக்கம் திரும்புகிறது. அதைப் பிடித்து நேராக்கவே ஓடுபாதையில் பாதி போய்விடுகிறது.

டயர் காற்று சரி. நூல் கட்டி இரண்டு சில்லும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்றும் பார்த்தேன், சரிதான். பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் ஸ்டியரிங் டாம்பர் (ஹாண்டிலின் உதறலை அடக்கும் பாகம்) போடச் சொல்கிறார். வாங்கலாமா?

தெமட்டகொடை கராஜ்

தம்பி, டாம்பருக்குக் காசு கொடுக்க முன்னம் கொஞ்சம் பொறுங்கள். ஹாண்டில் வேகமாக உதறினால் அதற்கு டாம்பர். நீங்கள் சொல்வது முழு வண்டியும் மெதுவாக நெளிவது, அது வேறு வருத்தம். அதற்கு டாம்பரை இறுக்கினால் சில நேரம் கூடத்தான் செய்யும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சில்லைக் கழற்றுங்கள். சுவிங் ஆர்மின் (பின் சில்லைத் தாங்கும் கை) நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள். நூல் அளவு ஆட்டம் கையில் தட்டினாலும் புஷ் மாற்ற வேண்டும். பழைய பல்சர் என்றால் அது போயிருக்க நிறைய வாய்ப்பு. அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி ஹாண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நிற்கிற மாதிரி இருந்தால் கோன் செட் (ஹாண்டில் திரும்பும் பெயரிங்) முடிந்தது.

இதெல்லாம் பார்த்த பிறகு, ஒரே நாளில், ஒரே காற்றில், ஷெல்லோடு ஒரு ஓட்டமும் ஷெல் இல்லாமல் ஒரு ஓட்டமும் ஓடுங்கள். கழற்றியும் ஆடினால் என் வேலை. கழற்றியதும் நின்றால் ஷெல்லின் வேலை.

கொட்டாஞ்சேனை150

நன்றி அண்ணா. கோன் செட் நல்லாயிருக்கிறது. சுவிங் ஆர்ம் புஷ்ஷில் ஆட்டம் இருந்தது, மாற்றிவிட்டேன். ஷெல் இல்லாமல் 105 வரை அசைவே இல்லை. ஷெல்லைப் பூட்டினால் ஆட்டம் முன்னைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் இருக்கிறது. காற்று வந்தால் மூக்கு திரும்புவது மட்டும் கொஞ்சமும் மாறவில்லை.

மொறட்டுவை_மெக்கானிக்கல்

தம்பி, கராஜ் அண்ணா சொன்ன ஒப்பீடு விடையைக் கொடுத்துவிட்டது. இனி ஷெல்லைப் பார்ப்போம்.

முதலில் நீங்கள் எதை வென்றிருக்கிறீர்கள் என்று ஒரு கணக்கு. காற்றை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மும்மடியோடு ஏறும். வேகம் இரட்டித்தால் வலு எட்டு மடங்கு வேண்டும். நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.16 கிலோ. ஷெல் இல்லாத பைக்கில் குனிந்து படுத்தாலும் இழுவைப் பரப்பு (முன்னாலிருந்து தெரியும் பரப்பை வடிவத்தின் இழுவை எண்ணால் பெருக்கியது) சுமார் 0.5 சதுர மீட்டர் வரும். 14 குதிரைவலுவில் சில்லுக்கு வந்து சேர்வது 9 கிலோவாட் என்று வைத்தால், டயரின் உருளல் தடையையும் கழித்து, உச்ச வேகம் 109 அளவில் முட்டும். பரப்பை 0.3-க்குக் கொண்டுவந்தால் அதே எஞ்சின் 129 போகும். 0.2 என்றால் 147. அந்த வேகத்துக்குப் பின் ஸ்புரொக்கெட்டைச் சின்னதாக்க வேண்டும், நீளமான ஓடுபாதையும் வேண்டும், அது பிறகு. எஞ்சினைத் தொடாமல் விட்டது நல்ல முடிவு.

இப்போது ஆட்டம். முன்னால் இருந்து வரும் காற்றுக்கு நீங்கள் வழுக்கலான மூக்கு செய்திருக்கிறீர்கள். பக்கத்திலிருந்து வரும் காற்றுக்கு அதே மூக்கு ஒரு பெரிய பலகை. அந்தப் பலகை முழுக்க முன்னால் இருக்கிறது, பின்னால் ஒன்றுமே இல்லை. பக்கக் காற்று முழு வண்டியையும் ஒரே புள்ளியில் தள்ளுவதாக எடுத்தால், அதுதான் அழுத்த மையம். அது ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருந்தால் காற்று மூக்கைத் திருப்பும். அம்பின் இறகை வாலில் கட்டுவது இதற்குத்தான்.

இரண்டு புள்ளியையும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஆள் நிறை பார்க்கும் தராசை முன் சில்லுக்குக் கீழே வையுங்கள், பின் சில்லுக்குக் கீழே அதே உயரத்தில் பலகை. ஓடும்போது எப்படிப் படுப்பீர்களோ அப்படியே படுங்கள். ஒருவர் விழாமல் மட்டும் தொட்டுக்கொள்ளட்டும். பிறகு தராசையும் பலகையையும் மாற்றுங்கள். பின் சில்லின் நிறையை மொத்த நிறையால் வகுத்து, சில்லுகளுக்கு இடைப்பட்ட தூரத்தால் பெருக்கினால், முன் அச்சிலிருந்து ஈர்ப்பு மையம் எவ்வளவு பின்னால் என்று வரும்.

அழுத்த மையத்துக்கு, நீங்கள் வண்டியில் படுத்திருக்கும் நிலையில், தூரத்தில் நின்று நேர் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். அதை ஐந்தில் ஒரு அளவில் காட்போட்டில் வரைந்து ஆளோடு சேர்த்து வெட்டுங்கள். காற்று ஊடுருவும் இடைவெளிகளையும் வெட்டி எடுங்கள். ஒரு மூலையில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியில் நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் நூல் விழும் கோட்டைப் பென்சிலால் போடலாம். வேறொரு மூலையிலும் அப்படியே. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் நீங்கள் தேடுவது.

கொட்டாஞ்சேனை150

அக்கா, செய்துவிட்டேன். முன் சில்லில் 103 கிலோ, பின் சில்லில் 117. சில்லுகளுக்கு இடையில் 1320 மி.மீ. ஈர்ப்பு மையம் முன் அச்சிலிருந்து 702 மி.மீ. காட்போட்டில் வந்தது 520. அழுத்த மையம் 182 மி.மீ. முன்னால் நிற்கிறது! படத்தில் பார்த்தபோது இவ்வளவு இருக்கும் என்று நம்பவே முடியவில்லை.

காட்போட் இருக்கும்போதே வால் ஒன்றையும் ஒட்டிப் பார்த்தேன். பின் அச்சுக்குப் பின்னால் கால் சதுர மீட்டர் பரப்பு கூட்டினால் புள்ளி 718-க்குப் போகிறது. இது போதுமா?

இரண்டுசில்லு

நல்ல வேலை செய்கிறீர்கள் தம்பி. படிக்கவே சந்தோசமாக இருக்கிறது. ஆனால் வாலைப் பெரிதாக்கி முடித்துவிடலாம் என்று நினைக்க முன்னம் சில விசயங்கள்.

நீங்கள் செய்திருக்கும் மூக்கு 1950-களின் கிராண்ட் பிரீ வண்டிகளின் மூக்கு. இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி அதற்காகவே 1950-இல் மண்டெல்லோவில் முழு வண்டியும் நிற்கக்கூடிய காற்றுச் சுரங்கம் கட்டியது. அவ்வளவு ஆராய்ந்து செய்த மூக்கையும் 1957 பருவத்தோடு எஃப்ஐஎம் (உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம்) வட்டப் பந்தயங்களிலிருந்து எடுத்துவிட்டது. பக்கக் காற்றில் வண்டி என்ன செய்யும் என்ற பயம் அதற்கு ஒரு பெரிய காரணம். வேகச் சாதனை வண்டிகளில் மட்டும் முழு மூடல் தொடர்ந்தது. 1956-இல் வில்ஹெல்ம் ஹெர்ஸ் பொனவிலில் 339 கி.மீ. தொட்ட, ஜெர்மனியின் என்எஸ்யு தொழிற்சாலை செய்த டெல்ஃபினின் படத்தைப் பாருங்கள், வால் பக்கம் எவ்வளவு நீண்டு போகிறது என்று. அதே தொழிற்சாலைக்காக குஸ்டாவ் பௌம் என்பவர் ஆளைக் காலை நீட்டிப் படுக்க வைத்து, தரையோடு தரையாக ஒரு வண்டி வரைந்தார். 1955-இல் நூர்பர்க்ரிங்கில் அதைச் சோதித்தபோதுதான் இறந்தார். எங்கள் வேகம் சின்னது. ஆனால் ஓடுபாதையின் ஓரம் எங்களுக்கும் அதே தூரத்தில்தான் இருக்கிறது.

அக்கா சொன்ன காட்போட் முறை நல்ல தொடக்கம். ஆனால் அது 90 பாகையில் நேர் பக்கத்திலிருந்து அடிக்கும் காற்றுக்கான புள்ளி. நீங்கள் 100-இல் போகும்போது பக்கத்திலிருந்து 20 கி.மீ. காற்று வீசினால், வண்டிக்கு அது முன்னாலிருந்து 11 பாகை சாய்ந்து வருவதாகத்தான் தெரியும். அந்தச் சின்னக் கோணத்தில் உருண்டையான மூக்கு இறக்கை போல வேலை செய்யும். உண்மையான புள்ளி காட்போட் சொல்வதற்கு முன்னால்தான் இருக்கும். ஆகவே 702-க்கு 718 என்றால் சமன் ஆகிவிட்டது என்று எடுக்க வேண்டாம்.

மறுபக்கம், இரண்டு சில்லு வண்டி அம்பு இல்லை. அது சாயும். வால் மிகப் பெரிதானால் காற்று வரும் பக்கம் மூக்கு திரும்பும், வண்டி எதிர்ப்பக்கம் சாயும். காற்றும் அதே பக்கம்தான் சாய்க்கிறது, இரண்டும் சேர்ந்துவிடும். இதனால் புள்ளி கொஞ்சம் முன்னால் இருப்பதே நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. என் கருத்து, 182 மி.மீ. முன்னால் என்பது எந்தக் கணக்கிலும் அதிகம். அதைக் குறையுங்கள், ஆனால் படிப்படியாக. உயரத்தையும் பாருங்கள். காற்று தள்ளும் புள்ளி எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு குறைவாகச் சாய்க்கும். வாலை உயரமான செட்டையாக நிறுத்தாமல், பின் சில்லை மூடிக்கொண்டு நீளமாக, தாழ்வாகக் கொண்டுபோங்கள்.

மொறட்டுவை_மெக்கானிக்கல்

ஐயா சொன்ன இரண்டும் சரி. காற்று சாய்ந்து வரும் கோணத்தை நானே சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றையும் சேர்க்கிறேன். வாலின் ஒவ்வொரு பக்கமும் உள்நோக்கி 10 பாகைக்கு மேல் ஒடுங்க வேண்டாம். அதைவிடக் கூடினால் காற்று உடலை விட்டுப் பிரிந்துவிடும், பிரிந்த இடத்தில் வால் இருந்தும் பயனில்லை. கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி, பக்கத்தில் இன்னொரு வண்டியிலிருந்து போனில் வீடியோ எடுங்கள். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒட்டிப்போகிறது. துடித்துச் சுழன்றால் பிரிந்துவிட்டது.

முகத்துவாரம் ஃபைபர்

நான் படகு வேலை செய்பவன். வாலை உடனே ஃபைபரில் போடாதீர்கள் தம்பி. 450 கிராம் ஃபைபர் மட் ஒரு அடுக்கு ரெசின் குடித்தால் சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ வரும். இரண்டு அடுக்கு, இரண்டு பக்கம், மேல் மூடி, பிரேமில் பிடிக்கும் இரும்பு என்று சேர்த்தால் 4 கிலோ. அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் 4 கிலோ, உங்கள் ஈர்ப்பு மையத்தைத் தூக்கிப் பின்னால் வைத்துவிடும். விளம்பரப் பலகைக்கு அடிக்கும் நெளி பிளாஸ்டிக் ஷீட்டை அலுமினிய கோணத்தில் ரிவெட் அடித்து முதலில் ஓடிப் பாருங்கள். வடிவம் சரி என்றதும் வாருங்கள், ஒரு அடுக்கு மட்டும் போட்டு உள்ளே ரெஜிபோம் விலா வைத்துச் செய்வோம். அதற்கு எபொக்ஸி ரெசின்தான் வேண்டும், அது ரெஜிபோமைக் கரைக்காது.

கொட்டாஞ்சேனை150

அண்ணா சொன்ன நிறைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 4 கிலோ வாலைப் பின்னால் மாட்டினால் ஈர்ப்பு மையம் 702-இலிருந்து 721-க்குப் போகிறது. 718-க்கு நான் கொண்டுவந்த அழுத்த மையம் திரும்பவும் முன்னால்! பிளாஸ்டிக் ஷீட்டில் 2 கிலோவுக்குள் முடித்தேன், 711. பாட்டரியைச் சீட்டுக்குக் கீழிருந்து எடுத்து மூக்குக்குள் கொண்டுபோனேன். அந்த 3 கிலோ 900 மி.மீ. நகர்ந்ததில் 699-க்கு வந்துவிட்டது.

நேற்று ஓடினேன். தென்மேற்குக் காற்று நன்றாக இருந்தது. 100 வரை நெளிவு இல்லை. காற்று அடித்தால் வண்டி முழுதாக ஒரு பக்கம் நகர்கிறது, ஆனால் மூக்கு திரும்பவில்லை, ஹாண்டிலில் சின்ன அழுத்தத்தில் திரும்ப வந்துவிடுகிறது. 100-க்கு மேல் லேசாக ஒரு அசைவு வருகிறது. நூல் வீடியோவில் வாலின் கீழ்ப்பகுதி நூல்கள் துடிக்கின்றன, மேலே எல்லாம் படிந்து கிடக்கின்றன.

இன்னொரு சந்தேகம். எஞ்சின் முன்னைவிடச் சூடாகிறது. மூக்கில் காற்று நுழையும் வாயைப் பெரிதாக்கலாமா?

மொறட்டுவை_மெக்கானிக்கல்

வாயைத் தொட வேண்டாம். உள்ளே போன காற்று வெளியே வர வழி இருக்கிறதா? வெளியேறும் துவாரம் வாயைவிடப் பெரிதாக, உடல் ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் இருக்க வேண்டும். அங்கே அழுத்தம் குறைவு, காற்றை உறிஞ்சி எடுக்கும். வாலின் கீழே நூல் துடிப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், எஞ்சினைச் சுற்றிய காற்று வேறு வழியில்லாமல் கீழால் கொட்டுகிறது. இரண்டு பக்கமும் துவாரம் வெட்டிவிட்டு அதே வீடியோவைத் திரும்ப எடுங்கள்.

தெமட்டகொடை கராஜ்

துவாரம் வெட்டும்போதே ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பாட்டரி மூக்குக்குள் போனதால் வயரோ, பெட்டியோ போர்க்கில் தட்டக்கூடாது. பாட்டரிக்கு றப்பர் பட்டி போதாது, இரும்புப் பட்டி போட்டு போல்ட் இறுக்குங்கள். முன் பிரேக் கலிப்பருக்கும் ஷெல்லுக்குள் காற்று போக வேண்டும், அதைக் கடைசி ஓட்டம் முடிந்து நின்றதும் எவ்வளவு சூடு என்று பார்த்துச் சொல்லுங்கள். ஸ்புரொக்கெட் மாற்றுவதை இதெல்லாம் சரியான பிறகு பார்ப்போம்.

கொட்டாஞ்சேனை150

சரி அண்ணா. போர்க்குக்கும் பாட்டரிப் பெட்டிக்கும் இடையில் இடப்பக்கம் ஒரு விரல் இடைவெளிதான் இருக்கிறது, பெட்டியை இறக்கிவிட்டே துவாரம் வெட்டத் தொடங்குகிறேன். அடுத்த பயிற்சி நாள் வீடியோவை இங்கேயே போடுகிறேன்.