பிளஸ் டூ தேர்வு நேரத்தில் மகளுக்குச் சின்னம்மை: தனி அறைக்கு யாரிடம் மனு கொடுப்பது?

வணக்கம். மதுரை மாவட்டம். மகள் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. வரும் திங்கள் தமிழ்த் தேர்வு. சனிக்கிழமை காய்ச்சல், மறுநாள் மார்பிலும் முதுகிலும் நீர்க் கொப்புளங்கள். சின்னம்மைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றே அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினோம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இளநீர், வேப்பிலை எல்லாம் என் அம்மா பார்த்துக்கொள்கிறார். காய்ச்சல் தணிந்துவிட்டது. ஆனால் விரல்களிலும் கொப்புளம் இருப்பதால் பேனா பிடித்தாலே எரிகிறது என்கிறாள். மூன்று மணி நேரம் எப்படி எழுதுவாள் என்று நினைத்தால் பதறுகிறது. கண்ணும் கூசுவதால் பாடங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை அடுத்தவருக்குத் தொற்றுமாம். மற்றப் பிள்ளைகளுக்குப் பரவிவிடக் கூடாது, அதுவும் எனக்கு முக்கியம்.

பள்ளியில் கேட்டதற்கு, துணைத்தேர்வு எழுதிக்கொள்ளலாமே என்றார்கள். அவளுக்கு அதில் மனமில்லை, எனக்கும்தான். தேர்வு மையம் வேறு பள்ளி. மருத்துவச் சான்றிதழ் வாங்கிவிட்டோம்.

தனி அறையும், சொல்வதை எழுத ஒருவரும் கேட்டு மனு கொடுக்க வேண்டும். அதை மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் தருவதா, அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்திலா?