‘டேக்டவுன்’: நீக்கம் அல்ல, முடக்கம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் ஒருவர் ஏற்றியதைத் தன்னுடையது என்று சொல்லி, எடுக்கச் சொல்லித் தளத்துக்கு இன்னொருவர் அனுப்பும் கடிதம்தான் ‘டேக்டவுன் நோட்டீஸ்’. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் பேச்சில் இதுவரை நீக்கல் அறிவிப்பு, அகற்றல் ஆணை, இறக்கறிக்கை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ‘டேக்டவுன் நோட்டீஸ் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று மதுரை நண்பர் எழுதியிருக்கிறார். நான்கிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்ல ஒரு கூத்துக் கதையிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில், நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் ஆவணங்கள் மொழிபெயர்க்கிறவன். என் அம்மா ஊர் அணைக்கட்டுப் பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரத விழா நடக்கும்போது, துரியோதனன் விழுவதை நிகழ்த்திக் காட்டும் படுகளத்துக்கு முந்தைய இரவு பதினெட்டாம் போர்க் கூத்து உண்டு. போன வருடம் அதை விடிய விடியப் பதிவு செய்தேன். ஜமா, அதாவது கூத்துக் குழுவின் வாத்தியார் கேட்டுக்கொண்டதால் அவர் பெயரிலேயே ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினோம். ஒன்பதாம் நாள் ஆங்கிலத்தில் ஒரு மடல் வந்தது. துரியோதனன் வேடம் திரைக்குப் பின்னால் நின்று பாடும் விருத்தம் தங்களுடையது என்று ஓர் ஒலிப்பதிவு நிறுவனம் புகார் கொடுத்திருந்தது. ஆறு மணி நேரப் பதிவில் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்காக முழு இரவும் போய்விட்டது.

மடலை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, வேடக்காரர் தோளில் கட்டும் புஜக்கட்டையில் கண்ணாடிச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தார். “வாத்தியாரே, வீடியோவ நீக்கிட்டாங்க” என்றேன். நிமிர்ந்து பார்த்தார். “போவுது வுடு தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த சில்லை எடுத்தார். ஏன், யார், என்ன செய்யலாம் என்று ஒன்றும் கேட்கவில்லை. நீக்கியாகிவிட்டது என்றால் கேட்க என்ன இருக்கிறது?

அன்றிரவு சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினுடையது. 2012இல் அதைத் திருத்தியபோது 52(1)(இ) பிரிவில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஆங்கிலத்தில் அது சி உட்பிரிவு. உரிமையாளரிடமிருந்து எழுத்து மூலம் புகார் வந்தால், சேமித்து வைத்திருப்பவர் 21 நாள் அந்தப் படைப்புக்குச் செல்லும் வழியை அடைத்து வைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வரவில்லை என்றால் மறுபடியும் திறந்துவிடலாம். 2013ஆம் ஆண்டு விதிகளில் 75ஆவது விதி இதை விரித்துச் சொல்கிறது. புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும். புகார் கொடுப்பவரோ, தகுந்த நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 21 நாளுக்குள் உத்தரவைக் கொண்டுவருவதாக உறுதிமொழி தர வேண்டும்.

அதாவது நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியவர் புகார் கொடுத்தவர்தான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார் அல்ல.

இந்தப் பிரிவு தற்காலிகச் சேமிப்பைப் பற்றித்தான் பேசுகிறது. காணொளியை வருடக்கணக்கில் வைத்திருக்கும் தளங்களுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் வாதம் உண்டு. பெரிய தளங்கள் நடைமுறையில் பின்பற்றுவது 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தை. சரி, அங்கே மட்டும் என்ன? ஏற்றியவர் மறுத்து எழுதினால், புகார்தாரர் வழக்குப் போடாத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாளுக்குள் திரும்ப வைக்க வேண்டும். ஆக, எந்தச் சட்டத்தை எடுத்தாலும் இது முடிந்துபோன செயல் அல்ல. பொருள் அங்கேயே இருக்கிறது, யாரும் தொட முடியாதபடி கட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்குத் தமிழில் நாம் தினமும் சொல்கிற சொல் இருக்கிறது. முடக்கம். வங்கிக் கணக்கை முடக்கினார்கள் என்றால் பணம் போய்விட்டது என்று யாரும் நினைப்பதில்லை, எடுக்க முடியாது என்றுதான் நினைப்போம். 2017 மார்ச்சில் தேர்தல் ஆணையம் இரட்டை இலைச் சின்னத்தை முடக்கியது நினைவிருக்கும். டீக்கடையில் பேப்பர் படித்த எல்லோருக்கும் அந்தச் சொல் புரிந்தது. சின்னம் அழிந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை, யாருக்குக் கிடைக்கும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். அதே நவம்பரில் அது திரும்பியும் வந்தது. தகராறு தீரும்வரை யாரும் பயன்படுத்த முடியாமல் நிறுத்தி வைப்பது என்ற பொருள் இந்தச் சொல்லில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. புதிதாக நாம் எதையும் ஊற்ற வேண்டியதில்லை.

மறுநாள் வாத்தியாரிடம் திரும்பப் போனேன். “நீக்கல வாத்தியாரே, நான் தப்பா சொல்லிட்டேன். முடக்கி வச்சிருக்காங்க” என்றேன். கையில் இருந்த சில்லைக் கீழே வைத்தார். “மாட்டப் புடிச்சி பவுண்டுல அடைக்கிற மாதிரியா? அப்ப எப்ப அவுத்து வுடுவாங்க?” என்று கேட்டார். அப்புறம் அரை மணி நேரம் பேசினார். அந்த விருத்தத்தைத் தன் அப்பாவிடம் கற்றது, அப்பா யாரிடம் கற்றார், முகவீணைக் குழல் எந்த இடத்தில் சேரும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று எல்லாம். மறுப்புக் கடிதத்துக்கு எனக்கு வேண்டியிருந்த அத்தனையும் அந்தப் பேச்சில் கிடைத்தது. முதல் நாள் நான் சொன்ன சொல்தான் அவர் வாயை அடைத்திருந்தது. அதனால்தான் ‘நீக்கல் அறிவிப்பு’ என்பதை நான் இவ்வளவு எதிர்க்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘அகற்றல் ஆணை’யில் ‘ஆணை’ கூடவே கூடாது. ஆணை போட நீதிமன்றத்துக்கும் அரசுக்கும்தான் அதிகாரம். ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு எழுதுகிற கடிதத்தை ஆணை என்று எழுதினால் படிக்கிறவர் பயந்துபோவார். ‘இறக்கறிக்கை’ ஓசைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பதிவிறக்கம் என்பது நிலைத்துவிட்ட பிறகு இணையத்தில் ‘இறக்க’ என்று எது வந்தாலும் டவுன்லோடு என்றுதான் காதில் விழும். ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற மதுரை நண்பருக்கு: வழக்கறிஞர்களுக்கு அது போதும் ஐயா. பாடியவருக்குப் போதாது.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தனிமடலில் இரண்டு தடைகளைச் சொன்னார். முடக்கம் என்பது ‘முடம்’ என்பதோடு ஒட்டி வருகிறதே என்பது ஒன்று. அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் காலை முடக்கிப் படுத்தான், பணத்தைத் தொழிலில் முடக்கினான் என்றெல்லாம் சொல்லும்போது யாரையும் அது குத்துவதில்லை. மடக்கி நிறுத்துவது என்ற பொருள்தான் முன்னால் நிற்கிறது. இணைய முடக்கம், பொதுமுடக்கம் என்று ஏற்கெனவே இருப்பவற்றோடு குழம்பாதா என்பது இன்னொன்று. அடைமொழி சேர்த்துச் சொல்வதால் குழம்பாது என்று நினைக்கிறேன், அக்கா.

ஆகவே என் முன்மொழிவு இது. அனுப்பப்படும் கடிதம் ‘முடக்கக் கோரிக்கை’. செயல் ‘முடக்கம்’. 21 நாளோ 14 நாளோ, அந்த இடைவெளி ‘முடக்கக் காலம்’. ஏற்றியவர் மறுத்து எழுதுவதற்கு ‘எதிருரை’ என்று வைக்கலாம், இங்கே நீதிமன்றத் தமிழில் புழங்கும் சொல்தான். திரும்பத் திறப்பது ‘விடுவிப்பு’. இதை நான் உருவாக்கவில்லை, வாத்தியாரின் ‘அவுத்து வுடுறது’தான் எழுத்துக்கு வந்திருக்கிறது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி நிரந்தரமாக எடுக்கச் சொன்னால் அப்போது ‘நீக்கம்’ என்று எழுதுவோம். அந்தச் சொல்லுக்கு உரிய இடம் அதுதான்.

காணொளியை அப்படியே விட்டுவிட்டு விளம்பர வருமானத்தை மட்டும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு ‘வருமான உரிமைகோரல்’ போதும். முடக்கத்தோடு சேர்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். இந்த இழையிலேயே பாதிப் பேர் ‘காப்புரிமை’ என்றும் பாதிப் பேர் ‘பதிப்புரிமை’ என்றும் எழுதுகிறோம். காப்புரிமையைக் கண்டுபிடிப்புக்கான பேட்டண்டுக்கும் சொல்கிறார்கள், படைப்புக்கான காப்பிரைட்டுக்கும் சொல்கிறார்கள். பேட்டண்ட் 20 ஆண்டு. காப்பிரைட், நூல் என்றால் ஆசிரியர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு. 2023இல் எங்கள் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு, ஒரு பொருளின் பெயரை அது விளையும் ஊரோடு சேர்த்துக் காக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது, “கத்திரிக்காய்க்குக் காப்புரிமை வாங்கிட்டாங்க, இனிமே வேற யாரும் பயிர் வைக்க முடியாதாம்” என்று மார்க்கெட்டில் ஒரு பெரியவர் கவலையோடு சொன்னார். மூன்று வேறு உரிமைகளுக்கு ஒரே சொல் இருந்தால் இப்படித்தான் ஆகும். பேட்டண்டுக்குக் காப்புரிமை, காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை என்று இந்தக் குழுவிலாவது உறுதியாக இருப்போம். கூத்துக்குப் பதிப்புரிமை என்றால் கொஞ்சம் இடறத்தான் செய்கிறது. “நாம என்ன தம்பி புஸ்தகமா போட்டோம்?” என்று வாத்தியாரும் கேட்டார். படைப்புரிமை என்பது இன்னும் பொருத்தம், ஆனால் அதற்குத் தனி இழை வேண்டும்.

அவரிடம் நான் சொன்னது வேறு ஒன்று. அந்த நிறுவனத்துக்கு ஏதாவது உரிமை இருந்தால், அது அவர்கள் செய்த ஒலிப்பதிவில்தான். வழிவழியாக வரும் விருத்தத்தில் இல்லை. அன்றிரவு பாடி ஆடிய ஜமாவுக்கோ, அதே சட்டத்தின் 38ஆவது பிரிவுப்படி நிகழ்த்துநர் உரிமை உண்டு. 50 ஆண்டு. பாடகர், நடிகரோடு பாம்பாட்டியையும் கழைக்கூத்தாடியையும் சேர்த்து நிகழ்த்துநர் என்கிறது அந்தச் சட்டம். இதைக் கேட்டுவிட்டு அவர் தன் பேரனைக் கூப்பிட்டு, திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னார்.

எதிருரை அனுப்பிய பிறகு காணொளி திரும்ப வந்துவிட்டது. ஆனால் அந்த எதிருரையை நான் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், வாத்தியார் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். இந்த ஆடியில் மூன்று ஊர்க் கூத்துகளைப் பதிவு செய்யப் போகிறோம். அதற்குமுன், ஜமாக்காரர்கள் தாங்களே படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் ஒரு மாதிரி எதிருரை தயாரிக்க வேண்டும். மேலே சொன்ன சொற்களில் மாற்றம் வேண்டுமானால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். ‘முடக்கக் கோரிக்கை’யைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதையும் இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து